மூன்று விரல் விருந்தாளி

இந்த ஆண்டு நம் சங்கம் வெளியிட்ட காலண்டரில் ஜூலை மாதத் தாளைப் பார்த்துவிட்டுப் பல அன்பர்கள் என்னைப் பிடித்துக் கொண்டார்கள். "சார், இது எந்த நாட்டுப் பறவை? சிங்கப்பூர் போயிருந்தபோது எடுத்ததா?" என்று கேட்டார் ஒருவர். படத்துக்கு மேலே வர்ணம் பூசியிருக்கிறீர்களா என்று இன்னொருவர் கேட்டேவிட்டார். வர்ணமும் இல்லை, வெளிநாடும் இல்லை. டோம்பிவிலியில் ரயிலேறி, பன்வேலில் இறங்கி, எஸ்.டி. பஸ் பிடித்தால் காலைப் பலகாரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். இதைச் சொன்னதும் மலர்க் குழுவினர், "அப்படியானால் எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். தண்டவாளத்துக்கும் ஜல்லிக்கும் கணக்கு எழுதிப் பழகிய கை. அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2018 ஜூன் மாதம், முதல் மழை பெய்த மறுநாள் காலை. நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. பால் பாக்கெட் எடுக்கப் பால்கனிக் கதவைத் திறந்த என் மனைவி, "என்னங்க, இங்கே கொஞ்சம் வாங்க. யாரோ பொம்மையைத் தூக்கிப் போட்டிருக்காங்க" என்று கூப்பிட்டாள். துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது பொம்மை இல்லை. உயிருள்ள பறவை. என் நடுவிரல் நீளத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதிலும் கால்வாசிக்கு மேல் அலகு. அலகும் காலும் பவழச் சிவப்பு. வயிறு பழுத்த மாம்பழ மஞ்சள். தலையில் ஆரஞ்சும் ஊதாவும் ஒன்றில் ஒன்று கரைந்த ஒரு நிறம். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதுகு கருநீலம். கழுத்தோரம் ஒரு வெள்ளைத் தீற்றல், அதன்மேல் ஒரு நீலத் தீற்றல்.

கண்ணைத் திறந்து திறந்து மூடியது. கையில் எடுத்தால் கனமே இல்லை. பிறகு புத்தகத்தில் படித்தேன், 14 முதல் 20 கிராம் வரைதான் இருக்குமாம். பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் இரண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

மனைவி செருப்புப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பழைய வேட்டித் துணியை விரித்து அதில் படுக்க வைத்தாள். அதற்குள் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் மராத்திக்கார அம்மாள் எட்டிப் பார்த்ததும், "அரே, திபோட்டி கண்ட்யா!" என்றார். அவர் பிறந்த ஊர் கொங்கணத்தில். 'போட்' என்றால் மராத்தியில் விரல். மூன்று விரல் மீன்கொத்தி என்று பொருள். பார்த்தால் உண்மைதான். நாம் சாதாரணமாகப் பார்க்கும் மற்ற மீன்கொத்திகளுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்று நான்கு விரல். இதற்கு முன்னால் இரண்டே இரண்டு.

"பாவ்சாளா வந்துவிட்டது என்று சொல்ல வரும் பறவை இது" என்றார் அந்த அம்மாள். மழைக்காலத்தை ஒட்டி இந்தப் பறவைகள் கொங்கணத்துக்கு முட்டையிட வருகின்றன. ஜூன் தொடக்கத்தில், இரவு நேரத்தில் பறந்து வருகின்றன. வழியில் நம்முடைய அடுக்குமாடிக் கட்டடங்களும் கண்ணாடி ஜன்னல்களும் விளக்கு வெளிச்சமும் வந்து நிற்க, மோதி விழுந்துவிடுகின்றன. மும்பையிலும் தாணேயிலும் வருஷம்தோறும் ஜூன் மாதத்தில் இப்படி நடப்பதுண்டு.

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். அது எங்களை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த கணம் கொய்யா மரத்துக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது, அவ்வளவுதான், போய்விட்டது. போட்டோ எடுக்கத் தோன்றவே இல்லை. மொபைல் போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அன்று முழுவதும் எனக்கு மனது சரியாக இல்லை. மனைவி கேட்டாள், "பறவைதான் பொழச்சுப் போயிடுச்சே, ஏன் உம்முன்னு இருக்கீங்க?" நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பறவையை நான் முதல் தடவை பார்த்தது அன்று இல்லை. அதற்கு முப்பது வருஷம் முன்பே பார்த்திருக்கிறேன். இடையில் ஒரு நாள்கூட அதை நினைத்துப் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

* * *

1988 ஆம் வருஷம். ராய்கட் மாவட்டத்தில் ஒரு செக்‌ஷனில் நான் பி.டபிள்யூ.ஐ. எனக்கு 31 வயது. திருச்சியில் டிப்ளமா முடித்து ரயில்வேக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாடப் புத்தகம் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த பருவம். கொங்கணத்து மழையைப் பற்றிப் படித்தால் தெரியாது, அதில் நிற்க வேண்டும். ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர், அதுவும் நான்கே மாதத்தில். அந்த நான்கு மாதமும் எங்களுக்கு ஒரே கவலை கட்டிங்தான். குன்றை வெட்டி நடுவில் பாதை போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவந்த முரம் மண். மழையில் ஊறி எப்போது சரியும் என்று தெரியாது. இரவு முழுவதும் கேங்மேன்கள் லாந்தர் விளக்கோடு நடந்துகொண்டே இருப்பார்கள்.

ஜூலையில் ஒரு வளைவுக் கட்டிங்கில் ஒரு கூடை, இரண்டு கூடை என்று மண் விழ ஆரம்பித்தது. டிராலியில் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல், மண் சுவரில், இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளைகள். எலி வளை என்று முடிவு செய்தேன். துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, அதனால்தான் மண் விழுகிறது என்று கணக்குப் போட்டேன். சரிவைச் செதுக்கிச் சமன் செய்து, துளைகளைக் களிமண்ணால் கெட்டித்து அடைக்கச் சொன்னேன்.

எங்கள் கேங் மேட் அந்தப் பக்கத்து ஆள். என்னை விடப் பத்து வயது பெரியவர். அவர் தலையில் இருந்த சாக்குக் கொங்காணியை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சாஹேப், அது எலி இல்லை. சின்னச் சிவப்புப் பறவை. குஞ்சு இருக்கிறது. பதினைந்து நாள் விட்டால் தானே போய்விடும்."

"பதினைந்து நாளில் ரயில் கவிழ்ந்தால் பறவையா பதில் சொல்லும்?" என்று கேட்டேன். மற்ற ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. களிமண் உருண்டை பிடித்தார், ஒவ்வொரு துளையாக அடைத்தார், மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிக் கெட்டித்தார். வேலையில் குறை சொல்ல முடியாது.

மாலையில் அதே வழியாக டிராலியில் திரும்பினேன். கட்டிங்குக்கு எதிரே சிக்னல் கம்பி. அதன்மேல் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு சின்னப் பறவை, அலகில் ஒரு அரணைக் குட்டி. சுவருக்குப் பறந்தது. அடைத்த இடத்துக்கு முன்னால் படபடவென்று நின்றது. கம்பிக்குத் திரும்பியது. மறுபடி போனது. நாங்கள் கடந்து போகும் வரையில் நான்கைந்து தடவை. அரணையை அது விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. மேட் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று நான் செய்தது விதிப்படி சரிதானா என்று இன்று யாராவது கேட்டால், விதிப்படி என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எஞ்சினியராகவும் அது தவறு என்று அடுத்த வாரமே தெரிந்தது. மண் விழுந்ததற்குக் காரணம் அந்தத் துளைகள் இல்லை. மேலே குன்றின் தலையில் ஓடும் கேட்ச் வாட்டர் டிரெயின் இலையும் மண்ணும் அடைத்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைத் தூர் வாரியதும் மண் விழுவது நின்றது. மீன்கொத்தி தோண்டும் வளை பொதுவாக உள்ளே போகப் போகச் சற்று மேல்நோக்கி ஏறும். மழைத் தண்ணீர் உள்ளே தங்காமல் வெளியே வந்துவிடும். டிரெயினேஜ் விஷயத்தில் அந்தப் பதினைந்து கிராம் பறவை என்னை விடச் சரியாகக் கிரேடியன்ட் பார்த்திருக்கிறது!

டிரெயினைச் சுத்தம் செய்த அன்றைக்கு அடைப்பை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடுத்தாலும் ஒரு வாரம் கழித்து உள்ளே என்ன இருந்திருக்கும்?

* * *

பால்கனியில் விழுந்த பறவையை விட்ட மறு வாரமே ஃபோர்ட் பகுதிக்குப் போய் சாலிம் அலியின் பறவைப் புத்தகத்தை வாங்கி வந்தேன். 1941 ஆம் ஆண்டு முதலில் வெளிவந்த புத்தகம்; இன்னும் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு மா. கிருஷ்ணன் பெயர் தெரிந்திருக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையிலேயே கடைசி வரை காட்டு விலங்குகளைப் படம் எடுத்தவர். 1950 முதல் 1996 இல் காலமாகும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். காட்டுக்குள் பறவை தேடிப் போவது தமிழனுக்குப் புதிதில்லை என்று வீட்டில் வாதாட அவர் பெயர் எனக்கு உதவியது.

"சரி போங்க, ஆனா மழைக்காலத்திலேயா போகணும்? மார்கழியிலே போகக் கூடாதா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விருந்தாளி வருவதே மழையோடு. ஜூனில் வந்து, மண் சரிவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு வளை தோண்டி, நான்கைந்து முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை காக்கும். 17, 18 நாளில் குஞ்சு பொரிக்கும். பிறகு சுமார் 20 நாள் இரை ஊட்டல். செப்டம்பர், அக்டோபர் வந்தால் இடத்தைக் காலி செய்துவிடும். மீன்கொத்தி என்று பெயரே தவிர மீனை மட்டும் நம்பி இருப்பதில்லை. அரணை, பல்லி, தவளை, நண்டு, சிலந்தி என்று கிடைத்ததை எல்லாம் பிடிக்கும்.

சர்வீஸில் இருந்தபோது பாலங்களைப் படம் எடுக்க ஒரு யாஷிகா வைத்திருந்தேன். பாலம் ஓடாது, அதனால் படம் நன்றாக வரும். பறவைக்கு அது உதவாது. புனேயில் இருக்கும் மகன் தன் நண்பரிடமிருந்து பழைய நிக்கான் காமிராவும் 200-500 லென்ஸும் வாங்கிக் கொடுத்தான். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று எச்சரித்தார்கள். அரிசி டின்னுக்குள் சிலிக்கா ஜெல் போட்டு அதில் வைத்தேன். "அரிசியை எங்கே வைக்கிறது?" என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் முதலில் போனது கர்நாலா. 1968 இல் பறவைச் சரணாலயமாக அறிவித்த காடு. பரப்பு சுமார் 12 சதுர கிலோமீட்டர்தான். கோவா நெடுஞ்சாலை ஊடே போகிறது. கோட்டையின் உச்சியில் கட்டை விரலை நிமிர்த்தி வைத்தது போல ஒரு பாறைத் தூண். அந்த வழியாக ஊருக்குப் போகும்போது ரயிலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்த விரலுக்குக் கீழே இந்த மூன்று விரல்காரனைத் தேடினேன்.

2018 இல் ஐந்து தடவை, 2019 இல் எட்டு தடவை. ஒரு படம்கூட இல்லை. காட்டில் நடுப்பகலிலும் சாயங்காலம் போல இருட்டு. ஒரு கையில் குடை, ஒரு கையில் முக்காலி. கொசுவைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். அதன் குரல் மட்டும் கேட்கும். 'ச்சீ' என்று கம்பியை இழுத்தது போல மெல்லிய கூர்மையான ஒலி. நிமிர்வதற்குள் ஓடைக்கு மேலே முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் பொறி பறந்து மறையும். 2020 இல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தது. 2021 இல் எனக்குக் கண் புரை ஆப்பரேஷன். கட்டை அவிழ்த்ததும் டாக்டர் தெரிகிறதா என்று கேட்டார். அவர் சட்டை ஊதா என்று சொன்னேன். மூன்று வருஷமாக நான் அதைச் சாம்பல் நிறமாகப் பார்த்திருப்பேன் போலும். அந்த இரண்டு பருவமும் அந்தப் பறவை என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருந்ததோ என்னவோ!

2019 இல் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் ஒரு கட்கரிப் பையன். கட்கரிகள் அந்தக் காட்டுப் பக்கத்துப் பழங்குடியினர். நண்டு பிடிக்க ஓடைக்கு வருவான். என்னை 'காக்கா' என்று கூப்பிடுவான். மராத்தியில் அது சித்தப்பா. பறவை தேடப் போன தமிழனுக்கு அது பொருத்தமான பெயர்தானே! முதல் நாளே அவன் என்னிடம் சொன்னது: "காக்கா, நீங்கள் நடந்துகொண்டே இருக்கிறீர்கள். நடந்தால் அது வராது. உட்காருங்கள்." நாற்பது வருஷம் தண்டவாளத்தில் நடந்த காலுக்கு உட்காருவது எளிதில்லை.

* * *

2022 ஆகஸ்டில் ஒரு படக்காரர் மொபைலில் இடம் அனுப்பினார். சரணாலயத்துக்கு வெளியே, ஒரு கிராமத்து வண்டிப் பாதை ஓரம். மண் சரிவில் கூடு. பெற்றோர் இரை கொண்டு வருகின்றன. படம் நிச்சயம் என்றார். விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்பே பதினான்கு முக்காலிகள். வளைக்கு முன்னால் ஆறடி தூரத்தில் ஒரு பாசி படிந்த குச்சியை நட்டு வைத்திருந்தார்கள், பறவை அதில் வந்து உட்காருவதற்கு. நிலத்துக்காரர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டீ கொடுத்தார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஓட்டை வீடு, படிக்கும் பிள்ளைகள்; மழைக்காலத்தில் அவருக்கு வேறு என்ன வருமானம்?

அரை மணி நேரத்தில் பறவை வந்தது. குச்சியில் உட்கார்ந்தது. பதினைந்து காமிராவும் ஒன்றாகப் படபடத்தன. இரண்டு பேர் ஃபிளாஷ் அடித்தார்கள். அதில் என் காமிராவும் ஒன்று. பதினொரு படம் எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், என் கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. நான்கு வருஷக் காத்திருப்பு. எல்லாம் ஊசி முனை போலத் துல்லியமாக வந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் பறவையைப் பார்த்தேன். அதன் அலகில் ஒரு அரணை இருந்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் மிரண்டு பின்னால் ஒரு கொடிக்குப் பறந்தது. மறுபடி குச்சிக்கு வந்தது. வளைக்குப் போகவில்லை. கொடிக்குத் திரும்பியது. வாட்சைப் பார்த்தேன். நாற்பது நிமிஷம். அரணையை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

நான் எழுந்து முக்காலியை மடக்கினேன். எனக்குத் தெரிந்த மராத்தியிலும் இந்தியிலும், "கொஞ்சம் பின்னால் போவோம், அது உள்ளே போகட்டும்" என்று சொன்னேன். "அங்கிள், உங்களுக்குக் கிடைத்துவிட்டது, நீங்கள் போகலாம்" என்றார் ஒருவர். அதற்கு என்ன பதில் சொல்வது? கிடைத்துவிட்டது என்பது உண்மைதானே. கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும் உடனே எழுந்து வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் எழுந்தார்கள். மீதிப் பேர் எழவில்லை. நாங்கள் பாதை வளைவு வரை பின்னால் போய் நின்றோம். அங்கிருந்து கூடு தெரியாது. பறவை உள்ளே போனதா என்று நான் பார்க்கவில்லை. நிலத்துக்காரரிடம், குச்சியை இன்னும் பின்னால் தள்ளி நடச் சொல்லி, ஃபிளாஷ் அடிக்க விடாதீர்கள், குஞ்சு செத்தால் அடுத்த வருஷம் டீக்கும் ஆள் வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார்.

பன்வேல் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்தப் பதினொரு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழிக்க மனம் வரவில்லை. இன்றும் வீட்டில்தான் இருக்கின்றன. காலண்டருக்கு அவற்றில் ஒன்றைக் கொடுத்திருந்தால் அச்சு இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, 1988 கதையை மனைவியிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மேட் இப்ப எங்கே இருக்காரு?" என்றாள்.

* * *

2023 ஆகஸ்டில் கட்கரிப் பையன் சொன்னபடி உட்கார்ந்தேன். கூடு பக்கம் போகவே இல்லை. ஓடை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில், அத்தி மர வேர் ஒன்று தண்ணீருக்கு மேல் நீண்டிருந்தது. வேரில் நண்டு ஓட்டுத் துண்டுகள் ஒட்டியிருப்பதை அவன் காட்டினான். "இங்கே அடித்துத் தின்கிறது." முப்பது அடி தள்ளி, ஒரு புதருக்குப் பின்னால், பிளாஸ்டிக் முக்காலிப் பலகை போட்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. ஓடைத் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்துகொண்டிருந்தேன், பழக்க தோஷம்.

நான்காம் நாள், மழை விட்டு இலைகள் சொட்டிக்கொண்டிருந்த நேரம். சத்தமே இல்லாமல் வேர் மேல் அது இருந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை. தலையை மேலும் கீழும் இரண்டு தடவை ஆட்டியது. தண்ணீரில் விழுந்தது, எழுந்தது. அலகில் நகம் அளவு நண்டு. வேரில் டக், டக் என்று அடித்தது. ஓடைச் சத்தத்துக்கு மேல் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு காலை உடைத்தது, இன்னொரு காலை உடைத்தது, உடம்பை விழுங்கியது. பிறகு அலகை வேரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டது, சாப்பிட்டு எழுந்தவர் வாய் துடைப்பது போல. யாருக்கும் கொண்டு போக வேண்டிய அவசரம் அன்று அதற்கு இல்லை.

வெளிச்சம் மிகக் குறைவு. ஐ.எஸ்.ஓ. 3200 இல் வைத்தும் ஷட்டர் நாற்பதில் ஒரு பங்கு செகண்டுக்கு மேல் ஏறவில்லை. ஒன்பது படம் எடுத்தேன், ஏழு ஆட்டம் கண்டவை. மீதி இரண்டில் ஒன்றுதான் காலண்டரில் இருப்பது. வால் பக்கம் ஒரு இலை குறுக்கே இருக்கிறது, படத்தில் மாவு தூவியது போல ஒரு சொரசொரப்பும் இருக்கிறது. விரலை எண்ணிப் பாருங்கள், தெரியும்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

ஜூன் மாதத்தில் உங்கள் வீட்டுப் பால்கனியிலும் இப்படி ஒன்று விழலாம். அப்போது பதற வேண்டாம். காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில், இருட்டாக, அமைதியாக ஒரு மணி நேரம் வையுங்கள். அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம். காக்கை இல்லாத இடமாகப் பார்த்து, மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்தால் தானே போகும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்தால் 1972 ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

* * *

அந்த மேட் இருக்கும் ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பழைய கேங்மேன்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். டிசம்பரில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு எடுத்துச் சென்றேன். வயது 77. காது கொஞ்சம் மந்தம். என்னை உடனே தெரிந்துகொண்டார். "சாஹேப், முடி எல்லாம் எங்கே?" என்றார்.

படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போய், மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "திபோட்டி" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். வளைவுக் கட்டிங், ஜூலை மழை, களிமண், சிக்னல் கம்பியில் அந்தப் பறவை. அன்று அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். வழி முழுக்க மராத்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஞாபகப்படுத்திக்கொள்ள முயற்சி செய்தது தெரிந்தது.

"எந்தக் கட்டிங், சாஹேப்?" என்றார். "எத்தனையோ வளை அடைத்தோம். நீங்கள் வருவதற்கு முன்னாலும் அடைத்தோம், போன பிறகும் அடைத்தோம்."

பிறகு உள்ளே பார்த்து, இரண்டு பேருக்கும் பாக்ரியும் சட்னியும் கொண்டு வரச் சொன்னார். படத்தைச் சுவரில் எங்கே மாட்டுவது என்று பேரனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் வேண்டாம், மழைச் சாரல் அடிக்கும் என்றார்.